தலை தட்டிய ஓசை

2004, ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போயிருந்தோம். மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊரில் ஒரு நாதஸ்வர வித்வானின் வீடு. கூடத்தின் இரண்டு சுவரையும் மறைத்து நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரொலியை அடக்க அதைவிட நல்ல சுவரை யாரும் காசு கொடுத்தும் கட்ட முடியாது. ஒரு லேப்டாப், இரண்டு மைக் செருகுகிற ஒரு சின்னப் பெட்டி, இரண்டு கண்டென்சர் மைக். சென்னையிலிருந்து என் சொந்தச் சாமான்களோடு நான் வெளியூர் போய்ச் செய்த முதல் பதிவு அது.

"கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்கய்யா, லெவல் எடுத்துக்கறேன்" என்றேன். சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டு நாலு பிடி வாசித்தார். கெயின் குமிழைத் திருகி, மீட்டர் மேலே போகும்போது மைனஸ் 3ஐத் தொடும்படி நிறுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. பதிவைத் தொடங்கினேன்.

தோடி. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே தோடியை யாரும் பாதி மனதோடு வாசிப்பதில்லை. பத்து நிமிடம் கீழேயும் நடுவிலும் நிதானமாகக் கட்டிக்கொண்டே வந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தார ஸ்தாயிக்கு ஏறினார். திரையில் சிவப்பு எரிந்தது. அணையவில்லை. கையைக் காட்டி நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மனிதனுக்கும் வந்திருக்காது.

முடிந்ததும் ஹெட்ஃபோனில் கேட்டேன். உச்சத்தில் இருந்த சங்கதிகள் எல்லாம் கிழிந்து கரகரத்தன. இன்னொரு முறை வாசிக்க முடியுமா என்று கேட்டேன். "வாசிக்கலாம் தம்பி. ஆனா அது இது இல்ல" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். வாசிக்கவும் வாசித்தார். நன்றாக இருந்தது. அதுவாக இல்லை.

அன்று ராத்திரி திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலியலை மேலே எழும்பி வளைந்து இறங்க வேண்டிய இடத்தில் மட்டமாக வெட்டுப்பட்டு நின்றது. கூடத்து மூலையில் ஒரு மரக்காலும் அதன்மேல் ஒரு கோலும் இருந்தன. மரக்காலில் நெல்லைக் குவித்து விளிம்போடு கோலை இழுத்தால் மேலே நின்ற கூம்பு சரிந்துவிடும். தலை தட்டி அளப்பது என்பார்கள். களத்திலாவது சிந்திய நெல்லை அள்ளி அடுத்த மரக்காலில் போடலாம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. இன்றும் வீட்டில் பதிவு செய்கிற பலர் அதே காரணத்தால் அதே தவறைச் செய்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் தொழில் கற்றது கோடம்பாக்கம் பக்கம் ஒரு பக்திப் பாடல் காசெட் ஸ்டூடியோவில். ஸ்பூல் டேப். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனின் முதல் பாடமே, "ஊசியைப் பூஜ்யத்துல நிறுத்து. கீழ விட்டா இரைச்சல் மேல வந்துடும்" என்பதுதான். அந்தக் காலத்துக்கு அது முழுக்கச் சரி. டேப்புக்கென்று ஒரு 'ஸ்ஸ்' உண்டு. அதைக் காசெட்டில் நகல் எடுக்கும்போது இன்னொரு 'ஸ்ஸ்' சேரும். குரல் இரண்டுக்கும் மேலே உயர்ந்து நின்றால்தான் வீட்டில் கேட்பவருக்குப் பாட்டு கேட்கும். ஊசி பூஜ்யத்தைத் தாண்டிச் சிவப்புக்குள் போனாலும் டேப் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திணறும். அந்தத் திணறல்கூடச் சில குரல்களுக்கு ஒரு கனம் கொடுத்தது.

நான் பிடித்துக்கொண்டது அந்தப் பூஜ்யத்தை. கணினி மீட்டரில் இருப்பது வேறு பூஜ்யம். ஊசி மீட்டரின் பூஜ்யம் என்பது, வழக்கமாக, சுமார் 1.23 வோல்ட். தொழில்முறைக் கருவிகளில் இதைத்தான் ப்ளஸ் 4 டிபியு என்கிறார்கள். அதற்கு மேலும் கருவிக்கு நிறைய இடம் உண்டு. டிஜிட்டல் மீட்டரின் பூஜ்யமோ கூரை. அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. அமெரிக்க ஒளிபரப்பு வழக்கில் பழைய ஊசியின் பூஜ்யத்தை டிஜிட்டல் மீட்டரின் மைனஸ் 20ல் உட்கார வைப்பார்கள். அதாவது அண்ணன் சொன்ன இடம் புதிய மீட்டரில் கூரைக்கு 20 டெசிபல் கீழே இருக்கிறது. நான் அதைக் கூரையிலேயே தேடினேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய ஊசி மெதுவானது. ஏறி நிலைக்கு வர ஏறக்குறைய 300 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். மனிதக் காது உணர்கிற சராசரியைத்தான் அது காட்டும். விரலில் கூடு மாட்டிய தவில்காரர் வலந்தலையில் கொடுக்கிற ஒரு அடி, ஊசி அசைவதற்குள் வந்து போய்விடும். ஊசி மைனஸ் 10 காட்டும்போது உண்மை உச்சம் அதற்கு வெகு மேலே இருக்கும். அண்ணனுக்கு இது தெரியும். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ஊசியைத் தாழ்த்தியே வைப்பார். காரணம் கேட்டால், "அடிக்கிற வாத்தியம்டா" என்பார், அவ்வளவுதான்.

சரி, தாழ்த்திப் பதிந்தால் இரைச்சல் வராதா? இந்தப் பயம்தான் ஆட்களைச் சிவப்புக்குத் தள்ளுகிறது. கணக்கைப் பார்ப்போம். டெசிபல் ஒரு விகிதம். மின்னழுத்தத்தில் 6 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. 16 பிட் பதிவின் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபல். 24 பிட்டில் ஏட்டுக்கணக்கு 144. நடைமுறையில் ஒரு நல்ல வீட்டுப் பெட்டி 110 அளவில் தரும். நம் அறையிலோ, நள்ளிரவில் மின்விசிறியை நிறுத்தினாலும் 30 டெசிபல் சத்தம் இருக்கும். ஒரு சாண் தூரத்தில் நன்றாகப் பாடுகிறவர் 90ஐத் தொடலாம். ஆக மைக்குக்குள் வருவதே 60 டெசிபல் இடைவெளிதான். 110 கொள்ளும் பாத்திரத்தில் 60 ஊற்றுகிறோம். மேலே 12, 15 என்று காலியாக விட்டால் எதுவும் குறைந்துவிடாது. உங்கள் பதிவில் கேட்கிற இரைச்சல் பெரும்பாலும் அறையுடையது. எத்தனை பிட் ஆனாலும் அது போகாது.

ஆகவே நான் இப்போது செய்வது இது. 24 பிட். பேச்சோ பாட்டோ, சராசரி மைனஸ் 20 அருகில். மிக உயர்ந்த உச்சம் மைனஸ் 12. லெவல் எடுக்கும்போது "பேசிக்காட்டுங்க" என்று கேட்பதில்லை. "இதுல நீங்க ரொம்பச் சத்தமாப் போற இடம் எது? அதைப் பாடுங்க" என்று கேட்கிறேன். அப்படியும் உண்மையான பதிவில் மனிதர்கள் இன்னும் மேலே போகத்தான் செய்வார்கள். மனம் ஒன்றிவிட்டால் 6 டெசிபல், நாதஸ்வரத்தில் 10 கூட. காலியாக விட்ட இடம் அதற்குத்தான். திரையில் அலை ஒல்லியாகத் தெரிகிறதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். திரையை உயரவாக்கில் பெரிதாக்கிக்கொள்ளலாம். கேட்கும் சத்தம் போதாவிட்டால் ஹெட்ஃபோன் குமிழைத் திருகலாம். கெயினைத் தொட வேண்டாம்.

கெயின் வேறு, ஃபேடர் வேறு. இது புரியாமல்தான் 2020 ஊரடங்கில் பாதிப் பேர் தவித்தார்கள். சபாக்கள் மூடிக்கிடந்தபோது பாடகர்கள் வீட்டிலிருந்தே பதிந்து அனுப்பத் தொடங்கினார்கள். இளம் பாடகி ஒருவர், "சார், மைனஸ் 6க்கு மேல போகவே இல்ல, ஆனாலும் கரகரன்னு கேக்குது" என்று கோப்பை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். மைனஸ் 6லேயே தலை மட்டமாக இருந்தது. பெட்டிக்குள் கெயின் உச்சத்தில் இருக்க, ஓசை அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. அதன் பிறகு மென்பொருளில் ஃபேடரை 6 இறக்கியிருக்கிறார். மைக், அதன் மின்சாரத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப், அதை எண்ணாக்கும் கன்வெர்ட்டர், கடைசியில் மென்பொருள் என்று நாலு வாசல். முதல் வாசலில் உடைந்தது கடைசி வாசலில் சின்னதாகுமே தவிர ஒட்டாது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஹெட்ஃபோனில் தன் குரலை மிக உரக்க வைத்துக்கொண்டு பாடுவார். தன் குரல் பெரிதாகக் கேட்டால் தொண்டை தானாக அடங்கிவிடும். பாட்டு முழுக்க ஒரு முணுமுணுப்பாகவே இருந்தது. ஒரு காதை மட்டும் மூடி, சுருதியை மெல்ல வைத்துப் பாடச் சொன்னேன். குரல் வெளியே வந்தது.

வீணை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. மேடையில் வாசிப்பவர்கள் பலர் பலாமரக் குடத்தின் மேல் ஒரு காண்டாக்ட் மைக் ஒட்டியிருப்பார்கள். வீட்டிலும் அதையே எடுத்துப் பெட்டியில் 'லைன்' என்று போட்ட ஓட்டையில் செருகிவிடுகிறார்கள். "தகரத்துல தட்டின மாதிரி இருக்கே, ஏம்ப்பா?" என்று ஒரு வீணை வாசிக்கும் அம்மா கேட்டார். அந்தக் காண்டாக்ட் மைக்கினுள் இருப்பது பீசோ என்ற சின்ன வில்லை. அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் அதற்குச் சுமை தாங்காது. லைன் உள்ளீடு சுமார் பத்தாயிரம் ஓம். அந்தச் சுமையில் வில்லையின் கீழ் ஓசை முழுதும் வழிந்துபோய்விடும். மந்திர ஸ்தாயி காணாமல் போய், மெட்டில் நரம்பு உரசுகிற சத்தம்தான் மிஞ்சும். அதற்கு வேண்டியது பத்து லட்சம் ஓமோ அதற்கு மேலோ உள்ள உள்ளீடு. பெரும்பாலான பெட்டிகளில் கித்தார் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போதும். அம்மாவின் வீட்டில் அழுத்தினேன், அனுமந்திரம் இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தது.

ஆனால் என் அபிப்பிராயம், வீட்டில் பதியும்போது ஒட்டு மைக்கே வேண்டாம். அது மரத்தின் நடுக்கத்தை எடுக்கிறது. வீணையிலிருந்து காற்றில் வந்து நம் காதை எட்டுகிற ஓசை வேறு. நல்ல கண்டென்சர் மைக் ஒன்றை, குடத்துக்கும் கடைசி மெட்டுகளுக்கும் நடுவே குறி வைத்து, ஒன்றரைச் சாண் உயரத்தில் நிறுத்துங்கள். வாசிப்பவர் தலையாட்டினால் இடிக்காத பக்கமாகப் பார்த்து நிறுத்துங்கள். கண்டென்சருக்கு 48 வோல்ட் வேண்டும். பெட்டியில் அதற்கொரு பொத்தான் இருக்கிறது. 1966ல் நியூமன் கம்பெனி நார்வே வானொலிக்காக மைக் செய்து கொடுத்தபோது, அங்கே அவசர விளக்குக்கென்று ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்ததாம். அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க அந்த எண்ணே நிலைத்துவிட்டது. மைக் ஒயரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

மைக் வாங்குவதில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், எது நல்ல மைக் என்று. என்ன பதியப் போகிறீர்கள், உங்கள் பெட்டி எவ்வளவு பெருக்கும் என்பதற்குப் பிறகுதான் அதற்குப் பதில். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிந்து தருகிறார். மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு டைனமிக் மைக் அனுப்பியிருந்தார். பாட்காஸ்ட் காட்சிகளில் எல்லார் வாயருகிலும் நிற்குமே, கறுப்பாக, அந்த வகை. விலை உயர்ந்தது, நல்ல மைக்கும்கூட. ஆனால் டீச்சர் மெல்லப் பேசுகிறவர், ஒரு சாண் தள்ளி உட்கார்கிறவர். அந்தத் தூரத்தில் அவர் குரலுக்கு அந்த மைக் கொடுப்பது ஒரு மில்லிவோல்ட்டில் கால் பங்கு. மேடைகளில் எல்லாரும் பார்த்திருக்கும், 1966 முதல் வருகிற ஷூர் எஸ்.எம்.58 இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தரும். அதற்கே பாடகர்கள் உதட்டை ஒட்டிப் பிடிக்கிறார்கள். டீச்சரின் மைக்குக்கு 60 டெசிபலுக்கு மேல் பெருக்க வேண்டியிருந்தது. அவரிடமிருந்த சிறு பெட்டி 50ஐத் தாண்டினாலே மூச்சு வாங்கும். குமிழ் கடைசி வரை போய், ப்ரீஆம்பின் 'ஸ்ஸ்' மேலே வந்துவிட்டது.

கண்டென்சர் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அதே குரலுக்கு ஏறக்குறைய இருபது மடங்கு மின்னழுத்தம். குமிழ் பாதியில் நின்றது, இரைச்சல் இல்லை. "தம்பி, கண்டென்சர்னா தெருச்சத்தத்தை எல்லாம் இழுக்கும்னு சொல்லுதாங்களே?" என்று கேட்டார் டீச்சர். பாதி உண்மைதான் அது. ஒரே மாதிரித் திசைப் பிடிப்புள்ள இரண்டு மைக்குகளை ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமப்படுத்தினால், பின்னால் வருகிற தெருச்சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். டைனமிக்கை நாலு விரற்கடையில் வைத்துப் பேசுகிறோம், கண்டென்சரை இரண்டு சாணுக்குத் தள்ளி வைக்கிறோம். வித்தியாசம் அந்தத் தூரத்தில் வருவது. தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் இறங்கும். தெரு அப்படியே இருக்கும்.

ஆகவே ஒரு சாண். சுண்டுவிரலும் கட்டைவிரலும் விரிந்த அளவு. அதைவிட நெருங்கினால் திசைப் பிடிப்புள்ள மைக்குகளில் கீழ் ஓசை ஊதிவிடும். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து வாயை நோக்கித் திருப்பினால், 'ப' சொல்லும்போது வருகிற காற்று அதைத் தாண்டிப் போய்விடும். தமிழின் 'ப'வில் காற்று குறைவு. சமஸ்கிருதக் கீர்த்தனைகளின் அழுத்தமான பகரங்களில்தான் மைக் அதிர்கிறது. முன்னால் ஒரு துணி வளையம் இருப்பது எப்போதும் நல்லது. டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்து வாசித்தார். பக்கத்தின் அடிக்குப் போகப் போகத் தலை குனியும், குரல் மங்கும். புத்தகத்தைக் கண் உயரத்துக்குத் தூக்கி வைக்க ஒரு தாங்கி செய்து கொடுத்த பிறகு, முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவில் வந்தன.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முட்டை அட்டையால் பயனில்லை, ஒட்டாதீர்கள். கனமான, மெத்தென்ற எதுவும் உதவும். மெத்தை, ரஜாய், புடவைகள் தொங்குகிற திறந்த பீரோ, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜமக்காளம். விடியற்காலை நாலரை மணி எந்தப் பொருளையும்விட உதவும். ஐந்தரைக்குக் காகம் வந்துவிடும்.

'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் கேட்டால் அது 50 சுழற்சி மின்சாரத்தின் ஓசை. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்தால் ஹம் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள். போகும், மைக்கின் இரும்பு வலையில் உதடு பட்டால் ஷாக்கும் அடிக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மூன்று முனை கொண்ட மைக் ஒயர்தான் சரியான வழி. அதில் ஒரே ஓசை இரண்டு கம்பியில் நேர்மாறாக ஓடுகிறது. வழியில் ஒட்டிக்கொள்கிற ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஹம் காணாமல் போய், ஓசை இரட்டிப்பாகும்.

கச்சேரி மிக்சரிலிருந்து நேராகக் கேமராவின் மைக் ஓட்டையில் ஒயர் செருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிக்சர் தருவது ஒரு வோல்ட்டுக்கு மேல். கேமரா எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அங்கே எந்தக் குமிழும் காப்பாற்றாது. 'லைன்' என்று மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடுவில் 40 டெசிபல் குறைக்கிற ஒரு பேட் போடுங்கள். வீட்டு டெக், டிவி போன்றவற்றின் லைன் 0.316 வோல்ட், தொழில்முறை லைனுக்கு அது நாலில் ஒரு பங்கு. ஒன்றை மற்றதில் செருகும்போது 12 டெசிபல் ஏறும் அல்லது இறங்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்துவிட்டன. லெவலே வைக்க வேண்டாம், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மைதான். மெல்லியதற்கு ஒன்று, உரத்ததற்கு ஒன்று என்று உள்ளே இரண்டு கன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். 2004ல் அது என் பையில் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனாலும் மைக்கின் சவ்வே தாங்காத சத்தத்தை அது சரிசெய்யாது. ஒரு சாணுக்குப் பதில் நாலு சாண் தள்ளி வைத்த மைக்கையும் சரிசெய்யாது.

அன்று இரண்டாவதாக வாசித்த தோடிதான் வெளியே போயிற்று. முதல் தோடியை நான் அழிக்கவில்லை. டிஸ்க் மாறும்போதெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன். வெட்டுப்பட்ட தலைகளைத் திரும்ப வரைந்து கொடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. இருபுறமும் மிஞ்சியிருக்கும் சரிவைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடியதை அவை ஊகிக்கின்றன. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் அதில் போட்டுப் பார்ப்பேன். கரகரப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. நீண்டு நிற்கிற ஸ்வரங்கள் ஏறக்குறையத் திரும்பிவிட்டன. பிருகாக்கள் விழுகிற இடத்தில் மட்டும் மென்பொருள் தடுமாறுகிறது. அவர் வாசிக்காத ஏதோ ஒன்று அங்கே கேட்கிறது. சிவப்பு எரிந்த இடம் வரை, பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, அந்தக் கூடமும் அந்த மூச்சும் பழுதில்லாமல் இருக்கின்றன.